குடித்தனக்காரருக்கு வாய் இல்லையா?

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்" என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். அவர்கள் காலத்தில் அடுக்குமாடி இல்லை. இருந்திருந்தால், "நிர்வாகம் சரியில்லாத அடுக்குமாடியில் குடக்கூலிக்கு இருந்து பார்" என்று மூன்றாவதாக ஒன்றையும் சேர்த்திருப்பார்கள். முதல் இரண்டிலும் பணம் போகும். ஆனால் முடிவில் ஒரு வீடோ, ஒரு மருமகளோ மிஞ்சும். மூன்றாவதில் பணமும் போகும், பொறுமையும் போகும். பல இடங்களில் கொடுத்த பணத்துக்கு ரசீது கூட மிஞ்சுவதில்லை.

இது பட்டணத்துக்காரர்களின் தொல்லை, நமக்கென்ன என்று எளாவூர்ப் பக்கத்து வாசகர்கள் தாளைப் புரட்டி விட வேண்டாம். பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பங்களில் வாடகை என்ற சொல்லுக்கு முன்பெல்லாம் அதிக வேலை இருந்ததில்லை. கூரையோ காரையோ, அவரவருக்கு அவரவர் வீடு. ஆனால் ஏரியில் மீன்பாடு குறைந்து, முகத்துவாரம் மணல் மேடிட்டுப் போகும் நாட்களில் படகு கரையேறி விடுகிறது. பிள்ளைகள் கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கும், அதற்கும் தெற்கே மீஞ்சூர், எண்ணூர், மணலி, திருவொற்றியூர் என்றும் வேலை தேடிப் போகிறார்கள். கொஞ்ச நாள் எளாவூர் ஸ்டேஷனில் ரயில் ஏறிப் போய் வருகிறார்கள். பிறகு அலுத்துப் போய், வேலைக்குப் பக்கத்திலேயே வீடு பார்க்கிறார்கள். தனி வீடு குதிரைக் கொம்பு. கிடைப்பது அடுக்குமாடியில் இரண்டு அறை. ஆகவே இந்தத் தொல்லை நம் வீட்டுத் தொல்லையும்தான்.

அந்தக் காலத்து ஸ்டோர்

சேர்ந்து குடியிருப்பது சென்னைக்குப் புதிதல்ல. திருவல்லிக்கேணியிலும் மயிலாப்பூரிலும் ஒண்டுக் குடித்தனம் என்று ஒரு வாழ்க்கை இருந்தது. 'ஸ்டோர்' என்று அதற்குப் பெயர். பத்துக் குடித்தனத்துக்கு ஒரு கிணறு, ஒரு குழாய். விடியற்காலையில் வாளிகள் வரிசையில் நிற்கும். அந்த வாழ்க்கையின் கஷ்டங்களைப் பழைய கதைகளிலும் நாடகங்களிலும் போதுமான அளவு சிரித்தும் அழுதும் தீர்த்து விட்டோம்.

ஆனால் அதில் ஒரு சௌகரியம் இருந்தது. வீட்டுக்காரர் பெரும்பாலும் முன்கட்டிலேயே குடியிருப்பார். குழாய் ஒழுகினால் அவர் காதிலும் சொட்டும். சாக்கடை அடைத்துக் கொண்டால் அவர் மூக்குக்கும் எட்டும். அவர் கருமியாக இருக்கலாம், கோபக்காரராக இருக்கலாம். ஆனாலும் சண்டை போடுவதற்கு எதிரே ஓர் ஆள் இருந்தார். இன்றைய அடுக்குமாடியில் லிப்டு உண்டு, கார் நிறுத்த இடம் உண்டு, காவலுக்கு ஆள் உண்டு. பதில் சொல்ல மட்டும் ஆள் இல்லை.

யாரைக் கேட்பது?

ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்து கொள்வோம். ஏரிக்கரைக் குப்பம் ஒன்றிலிருந்து வட சென்னைக்கு வந்த புருஷன், மனைவி, இரண்டு குழந்தைகள், முழங்கால் வலியுள்ள தாயார். மூன்றாவது மாடியில் வீடு. வாடகை தனி, 'மெயின்டனன்ஸ்' என்ற பராமரிப்புப் பணம் தனி. வந்த மூன்றாம் மாதம் லிப்டு நின்று விடுகிறது.

வாசலில் இருக்கும் வாட்ச்மேனைக் கேட்கிறார். "எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க. செக்ரட்டரி சார்கிட்ட சொல்லுங்க" என்கிறார் அவர்.

சங்கத்தின் காரியதரிசியைத் தேடிப் போகிறார். "நீங்க வாடகைக்கு இருக்கிறவங்கதானே? உங்க ஓனரைப் பேசச் சொல்லுங்க. சங்கத்தில மெம்பர் அவர்தான், நீங்க இல்ல."

வீட்டுக்காரர் வேறு ஊரில் இருக்கிறார். போனில் பதில் வருகிறது: "அது அசோசியேஷன் பார்க்க வேண்டிய வேலை, தம்பி. நான் இங்கேயிருந்து என்ன பண்ண முடியும்? மாசா மாசம் மெயின்டனன்ஸ் கட்டுறீங்களே, அவங்களையே கேளுங்க."

காரியதரிசி வீட்டுக்காரரைக் காட்டுகிறார். வீட்டுக்காரர் காரியதரிசியைக் காட்டுகிறார். நடுவில் தாயார் படிக்குப் படி உட்கார்ந்து மூன்று மாடி ஏறுகிறாள். மருந்து வாங்க இறங்க வேண்டுமென்றால், ஏறுவதை நினைத்து மருந்தையே ஒத்திப் போடுகிறாள்.

லிப்டு ஓர் உதாரணம்தான். கீழ்த்தொட்டியைக் கழுவி எத்தனை மாதம் ஆயிற்று என்று கேளுங்கள், தெரியாது. மோட்டார் எரிந்து போனால் லாரித் தண்ணீருக்கு யார் பணம் கொடுப்பது? தெரியாது. மாடிப்படி விளக்கு? அதற்குச் சொல்லியாயிற்று. யாருக்குச் சொல்லியாயிற்று? அதுவும் தெரியாது.

ஆனால் குடித்தனக்காரர்களுக்கான சட்டதிட்டங்கள் மட்டும் தெளிவாக இருக்கும். உங்கள் குழந்தைகள் மொட்டை மாடிக்குப் போகக் கூடாது. உங்கள் வீட்டுக்கு வரும் விருந்தாளி வண்டியை உள்ளே விடக் கூடாது. மீன் சமைப்பவர்களுக்கு வீடே கிடையாது என்று சொல்லும் இடங்களும் உண்டு. லிப்டு நின்று ஒரு மாதமானது கண்ணில் படாத நிர்வாகத்துக்கு, மூன்றாவது மாடியில் மடவை வறுபடுவது மட்டும் மூக்கில் ஏறி விடுகிறது!

கணக்கு எங்கே?

கொடுக்கும் பணத்துக்குக் கணக்குக் கேட்பது குற்றமா? ஒரு சிறிய உதாரணம் பார்ப்போம். மாடிப்படி விளக்கு, தண்ணீர் மோட்டார் போன்ற பொது உபயோகத்துக்கான மின்சாரத்துக்கு, 2022-ஆம் ஆண்டுக் கட்டண மாற்றத்தில் யூனிட்டுக்கு 8 ரூபாய் என்று தனி விகிதம் வந்தது. எல்லாரும் முணுமுணுத்தார்கள். 2023-இல், பத்து வீடுகளுக்கும் மூன்று மாடிக்கும் மேற்படாமல் லிப்டும் இல்லாமல் இருக்கும் சிறிய குடியிருப்புகளுக்கு அதை ரூ. 5.50 ஆக அரசாங்கம் குறைத்தது. ஏறிய போது பராமரிப்புப் பணமும் கூடவே ஏறியிருக்கும், அது இயற்கை. இறங்கிய போது அது இறங்கியதா? இறங்காவிட்டால் மிச்சம் எங்கே போயிற்று? பணத்தை நிறுத்தாமல் கட்டி வந்த குடித்தனக்காரருக்கு இதைக் கேட்க இடமே இல்லை. அவர் பணம் மட்டும் சங்கத்தில் சேர்ந்து விடுகிறது. அவர் சேர முடிவதில்லை.

இரண்டு சட்டங்களுக்கு நடுவே

சட்டம் இல்லையா என்று கேட்கலாம். நிறைய இருக்கிறது. சென்னை ராஜதானியில் 1946, 1949 ஆண்டுகளிலும், பிறகு மாநிலத்தில் 1960-லும் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டங்கள் வந்தன. 1960-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக, வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் இருவருடைய உரிமைகளையும் பொறுப்புகளையும் ஒழுங்குபடுத்தும் 2017-ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்தது. இதைக் குறை சொல்வதற்கில்லை. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். அதை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். துணைக் கலெக்டர் அந்தஸ்துக்குக் குறையாதவர் அந்த அதிகாரி. ஒப்பந்தத்தில் வேறு விதமாகச் சொல்லியிருந்தால் ஒழிய, மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்கக் கூடாது. சுவர், குழாய், மின்கம்பி போன்ற பெரிய ரிப்பேர் வீட்டுக்காரர் பொறுப்பு. குழாய் வாஷர், சுவிட்சு போன்றவை குடித்தனக்காரர் பொறுப்பு. தண்ணீர், மின்சாரம், மாடிப்படி விளக்கு, லிப்டு முதலிய அத்தியாவசிய வசதிகளை வீட்டுக்காரர் வேண்டுமென்றே நிறுத்தி வைக்கவும் கூடாது.

இன்னொரு புறம், அடுக்குமாடி உரிமையாளர்களுக்கு என்று 1994-ஆம் ஆண்டுச் சட்டம் இருந்தது. அதற்குப் பதிலாக 2022-ஆம் ஆண்டுச் சட்டம் வந்து, 2024 மார்ச்சில் அமலாயிற்று. சங்கம், துணைவிதிகள், பொதுச் செலவு எல்லாம் அதில் உண்டு. ஆனால் சங்கம் என்பது உரிமையாளர்களின் சங்கம்.

சங்கடம் எங்கே என்று இப்போது தெரிகிறதல்லவா? முதல் சட்டம் வீட்டுக்காரரையும் குடித்தனக்காரரையும் எதிரெதிரே நிறுத்துகிறது. இரண்டாவது சட்டம் வீட்டுக்காரர்களைத் தங்களுக்குள் சேர்த்து வைக்கிறது. லிப்டும் தொட்டியும் மாடிப்படியும் சங்கத்தின் கையில் இருக்கின்றன. குடித்தனக்காரருக்கு ஒப்பந்தம் இருப்பதோ வீட்டுக்காரரோடு. லிப்டை யாரும் 'நிறுத்தி வைக்கவில்லை', அது தானாகச் செத்துப் போயிற்று என்றால், எந்தச் சட்டத்தை எடுத்துக் கொண்டு எந்தக் கதவைத் தட்டுவது? இரண்டு படகுக்கு நடுவே விழுந்தவன் கதிதான்.

சௌகரியம் மட்டுமல்ல, உயிர்

இதெல்லாம் சில்லறை அசௌகரியம், சகித்துக் கொண்டால் போகிறது என்று சிலர் நினைக்கலாம். 2021 டிசம்பர் 27-ஆம் தேதி திருவொற்றியூரில் நடந்ததை அவர்கள் நினைத்துப் பார்க்க வேண்டும். குடிசை மாற்று வாரியம் முன்பு கட்டிய குடியிருப்பில் ஒரு கட்டடம், 24 வீடுகளோடு, பட்டப் பகலில் இடிந்து விழுந்தது. ஓர் உயிர் கூடப் போகவில்லை. காரணம், சுவரில் விரிசல் கண்டதை அங்கே குடியிருந்தவர்களே கவனித்து, ஒருவரை ஒருவர் எச்சரித்து, வெளியேறி விட்டார்கள்.

அது அரசாங்க வாரியத்தின் கட்டடம். தனியார் அடுக்குமாடியின் சங்கதி வேறு என்பது உண்மையே. ஆனால் பாடம் ஒன்றுதான். விரிசலை முதலில் பார்ப்பது அங்கே குடியிருப்பவர் கண். மின்கம்பி புகைவதை முதலில் முகர்வது அவர் மூக்கு. லிப்டு ஆடுவதை முதலில் உணர்வது அவர் கால். பத்திரத்தில் யார் பெயர் இருக்கிறது என்று பார்த்து விட்டு விரிசல் விழுவதில்லை. அந்தக் கண்ணுக்கும் மூக்குக்கும் சங்கத்தில் மதிப்பில்லை என்றால், எச்சரிக்கை மணியின் கயிற்றை நாமே அறுத்து விட்டோம் என்று அர்த்தம்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. கழிவுநீர்த் தொட்டி பொங்கி வழியும் வரை பேசாமல் இருந்து விட்டு, பிறகு அகப்பட்ட ஆளைக் குறைந்த கூலிக்குக் கூப்பிட்டு உள்ளே இறக்குவது. பாதுகாப்பின்றி மனிதரை அப்படி இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. சாக்கடையிலும் கழிவுநீர்த் தொட்டியிலும் இறந்தவர் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு என்று 2023 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட் சொன்னது. ஆனால் எந்த ரூபாயும் ஒரு தகப்பனைத் திருப்பித் தராது. உரிய காலத்தில் லாரியை வரவழைத்திருந்தால் ஆளை இறக்க வேண்டிய அவசியமே வந்திராது.

மறுபக்கமும் உண்டு

நியாயத்தைச் சொல்லும் போது இரு பக்கமும் சொல்ல வேண்டும். சங்கத்தின் காரியதரிசி பெரும்பாலும் சம்பளமில்லாமல் உழைப்பவர். ஓய்வு பெற்ற மனிதர், பென்ஷனில் நிம்மதியாகப் பேப்பர் படித்துக் கொண்டிருந்தவர், எல்லாரும் சொன்னார்களே என்று ஒப்புக் கொண்டிருப்பார். பராமரிப்புப் பணம் கட்டாத வீட்டுக்காரர்கள்தான் கூட்டத்தில் அதிக நேரம் பேசுவார்கள். லிப்டுக்குப் புதுக் கம்பி போட எல்லாரும் பணம் போட வேண்டும் என்றால், தரைத் தளத்துக்காரர், "நான் லிப்டிலேயே ஏறுவதில்லையே!" என்று வாதாடுவார்.

வீட்டுக்காரரும் பணமூட்டை என்று எண்ண வேண்டாம். பாங்குக் கடனில் வாங்கி, வரும் வாடகையை அப்படியே தவணைக்குக் கட்டுகிறவர்கள் பலர். குடித்தனக்காரர்களிலும், "நம் வீடா என்ன?" என்று குழாயைத் திறந்து போட்டுப் போகிறவர்கள் உண்டு, குப்பையை மாடிப்படித் திருப்பத்தில் வைத்து விட்டுத் தெரியாதது போல நழுவுகிறவர்கள் உண்டு. ஆனால் யோசித்துப் பாருங்கள். "இது உன் வீடல்ல, நீ பேசாதே" என்று ஒருவரிடம் பத்து முறை சொன்னால், பதினோராவது முறை அவரே "இது என் வீடல்ல" என்று நடந்து கொள்ள மாட்டாரா? உரிமை கொடாத இடத்தில் பொறுப்பை மட்டும் எதிர்பார்ப்பது எப்படி?

ஏரிக்கரை கற்பிக்கும் பாடம்

பொதுவான ஒன்றைப் பலர் சேர்ந்து நிர்வகிப்பது ஏரிக்கரை மக்களுக்குப் புதிய வித்தையல்ல. பழவேற்காடு ஏரியில் 'பாடு' என்று ஒரு முறை தலைமுறைகளாக இருந்து வருகிறது. ஏரி ஒன்று, மீனும் இறாலும் நன்றாகப் படும் இடங்கள் சில, வலைகளோ பல. ஆகவே யார், எந்த இடத்தில், எந்த நாளில் வலை போடுவது என்று ஊர் கூடி முறை வைத்துக் கொள்கிறார்கள். தன் முறை எப்போது வரும் என்று ஒவ்வொருவருக்கும் தெரியும். தகராறு வந்தால் எங்கே போய்ச் சொல்வது என்பதும் தெரியும். எத்தனையோ அடுக்குமாடிச் சங்கங்களுக்கு இந்த ஒழுங்கு இல்லை.

பாடு முறையில் ஒரு குறையும் உண்டு. பாடு உரிமை உள்ளவர்களுக்குத்தான் முறை. அதே ஏரிக்கரையில் வாழ்ந்தும் உரிமை இல்லாதவர்கள் ஒதுங்கி நிற்க வேண்டியதுதான். அதனால் சச்சரவுகள் எழுந்ததுண்டு. நம் அடுக்குமாடிச் சங்கங்கள் என்ன செய்திருக்கின்றன? பாடு முறையின் ஒழுங்கை விட்டு விட்டன. ஒதுக்குவதை மட்டும் எடுத்துக் கொண்டன!

வெளிநாட்டில் வேறு வழிகள் உண்டு. ஜெர்மனியில் குடித்தனக்காரரிடம் பராமரிப்புச் செலவுக்குப் பணம் வாங்கினால், கணக்கு ஆண்டு முடிந்த 12 மாதத்துக்குள் கணக்குக் கொடுத்தாக வேண்டும். செலவுச் சீட்டுகளைப் பார்க்கவும் அவருக்கு உரிமை உண்டு. ஆஸ்திரியாவின் தலைநகரான வியன்னாவில், நகரசபை கட்டி வாடகைக்கு விட்டிருக்கும் குடியிருப்புகளில், குடித்தனக்காரர்களே தங்கள் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அங்கே இதனால் யாருடைய சொத்தும் பறிபோய் விடவில்லை.

செய்ய வேண்டியவை

இங்கே என்ன செய்யலாம்? பெரிய புரட்சி எதுவும் தேவையில்லை.

முதலாவதாக, சங்கத்தின் காரியங்களை இரண்டாகப் பிரித்துக் கொள்ளலாம். கட்டடத்தை இடித்துக் கட்டுவது, பெரிய மூலதனச் செலவு செய்வது போன்றவை சொத்து விஷயம். அவற்றை உரிமையாளர்களே முடிவு செய்யட்டும். தண்ணீர், லிப்டு, விளக்கு, குப்பை, பாதுகாப்பு ஆகியவை குடியிருப்பு விஷயம். அவற்றில் அங்கே குடியிருக்கும் எல்லாருக்கும், வாடகைக்கு இருப்பவர் உட்பட, பேச்சு வேண்டும். நிர்வாகக் குழுவில் குடித்தனக்காரர்களின் சார்பில் ஒருவராவது உட்கார வேண்டும்.

இரண்டாவதாக, மாதந்தோறும் வரவு செலவுக் கணக்கை மாடிப்படி அருகே பலகையில் ஒட்ட வேண்டும். லிப்டின் உரிமம் எந்தத் தேதி வரை, தொட்டி கழுவிய தேதி எது, புகார் சொல்ல வேண்டியவர் யார் என்பனவும் அதே பலகையில் இருக்கட்டும். ஒரு தாளும் கொஞ்சம் பசையும்தான் செலவு.

மூன்றாவதாக, வீட்டுக்காரர்கள். வெளியூரில் இருப்பவர், "குடியிருப்பு விஷயங்களில் என் சார்பில் இவர் பேசலாம்" என்று குடித்தனக்காரருக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுக்கலாம். சட்டம் மாறும் வரை காத்திருக்க வேண்டியதில்லை.

நான்காவதாக, அரசாங்கம். குடித்தனக்காரரின் புகார் பொது வசதியைப் பற்றியதாக இருந்தால், சங்கத்தையும் கூப்பிட்டு விசாரிக்க வாடகை அதிகாரிக்குத் தெளிவான அதிகாரம் வேண்டும். இரண்டு சட்டங்களுக்கும் நடுவில் ஒரு பலகை போட்டால் போதும். விழுந்தவர் அதைப் பிடித்துக் கொண்டு கரையேறி விடுவார்.

ஐந்தாவதாக, குடித்தனக்காரர்கள். வீடு கிடைத்ததே பெரிது என்று வாய்ப்பேச்சில் ஒப்பந்தம் செய்து கொள்ளாதீர்கள். பராமரிப்புப் பணம் எவ்வளவு, அதற்குள் எவை அடக்கம், எந்த ரிப்பேர் யார் பொறுப்பு என்பதை எழுத்தில் வாங்குங்கள், பதிவும் செய்யுங்கள். முன்பணத்துக்கு ரசீது இல்லாமல் சாவி வாங்காதீர்கள். புகாரை வாயால் சொல்லாமல், தேதி போட்டு எழுதிக் கொடுத்து, ஒரு பிரதி வைத்துக் கொள்ளுங்கள். பணத்தை நாள் தவறாமல் கட்டுங்கள். குப்பையைத் தொட்டியில் போடுங்கள். உரிமை கேட்கும் வாய்க்கு அதைவிடப் பலமான சாட்சி வேறில்லை.

வாடகைக்கு வருகிறவர் வீட்டை விலைக்கு வாங்கவில்லை, ஒப்புக் கொள்வோம். ஆனால் மாடிப்படி ஏறுவது அவருடைய தாயாரின் கால். தொட்டித் தண்ணீரைக் குடிப்பது அவருடைய குழந்தை. விரிசல் விட்ட சுவருக்குக் கீழே படுத்துத் தூங்குவதும் அவர்தான். கால் வலிக்கிறது என்று சொல்வதற்குக் கூடப் பத்திரத்தில் பெயர் இருக்க வேண்டும் என்பது என்ன நியாயம்?